மறைந்து நிற்கும் நோயும் மகப்பேறும்

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்புறத்தே சீனன்குடாக் கரையில் நின்று நோக்குவோர் அமைதியான நீர்ப்பரப்பைக் காண்பர். அதன் கீழே பெருங்கப்பல்களைத் தாங்கும் ஆழம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கரையை அடுத்த காட்டுநிலத்தில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூறுக்கு மேல் நிற்கின்றன. வீதியாற் செல்வோர் கண்ணுக்கு அவற்றுள் ஒருசிலவே புலனாகும். ஏனையவை மரங்களுக்கிடையே மறைந்துள்ளன. வெளியே தெரிவதைக் கொண்டு உள்ளே இருப்பதை அளவிடலாகாது என்னும் உண்மை, மனித உடலுக்கும் பொருந்துவதாகும். பெண்ணுடலில் பல்லாண்டுகள் மறைந்து நின்று, மாதந்தோறும் வேதனையைத் தந்து, சிலருக்கு மகப்பேற்றையும் தடுக்கும் நோய் ஒன்று உண்டு. அதற்கு எண்டோமெற்றியோசிஸ் என்று பெயர்.

சீனன்குடாவில் வாழும் ஒரு பெண்ணைக் கற்பனையில் நிறுத்திப் பார்க்கலாம். அவளுக்கு மணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஒருமுறை கருவுற்றாள், மூன்றாம் மாதத்தில் அக்கரு சிதைந்தது. அதன் பின் வயிறு வாய்க்கவில்லை. திருமண வீட்டிலும் கோயில் வாசலிலும் கண்டவர் எல்லாரும், "விசேஷம் ஏதும் உண்டோ?" என்று கேட்கின்றனர். கோணேசர் மலையில் தொட்டில் கட்டி நேர்த்தி வைத்தாயிற்று. ஆனால் பதினான்கு வயது முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாட்கள் பாயிற் சுருண்டு கிடக்கச் செய்யும் வலியைப் பற்றி அவளிடம் எவரும் கேட்டதில்லை. அவளும் எவரிடமும் சொன்னதில்லை. சிறு வயதில் ஒருமுறை தாயிடம் சொன்னபோது, "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும், பிள்ளை" என்ற மறுமொழியே கிடைத்தது. இப்பெண் கற்பனைப் பாத்திரம். எனினும் இவளைப் போன்றோர் எல்லா ஊரிலும் இருக்கின்றனர்.

இந்நோய் யாது? கருப்பையின் உட்சுவரை மெல்லிய படலம் ஒன்று போர்த்தியுள்ளது. கருவை ஏற்பதற்காக அது மாதந்தோறும் தடித்து வளரும். கரு வந்து தங்காதபோது உதிர்ந்து மாதவிடாயாக வெளியேறும். இப்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகங்களின் மீதும், கருப்பையைத் தாங்கும் பந்தங்களின் மீதும், வயிற்றறையின் உட்போர்வையிலும், சிலவேளை குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் மீதும் வேரூன்றி வளர்வதே எண்டோமெற்றியோசிஸ் ஆகும். இடம் மாறி வளர்ந்தாலும் அவ்விழையம் ஈஸ்ட்ரஜன் என்னும் ஓமோனின் ஏவலுக்குக் கட்டுப்பட்டு வளர்கிறது, குருதி கசிகிறது. கருப்பையின் குருதிக்கு வெளியேறும் வழி உண்டு. இதற்கோ வழி இல்லை. ஆகவே சுற்றியுள்ள இடம் அழற்சியடைந்து, தழும்பு விழுந்து, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சூலகத்தினுள் இவ்வாறு தேங்கும் பழங்குருதி கரும்பழுப்பு நிறக் கட்டியாகத் திரள்வதுண்டு. அதனை வைத்தியர்கள் சொக்லேற் கட்டி என்பர்.

1860ஆம் ஆண்டில் வியன்னா நகரின் நோயியல் அறிஞர் கார்ல் வொன் றோக்கிற்றான்ஸ்கி இத்தகைய இழையத்தை விவரித்தார். 1920களில் அமெரிக்க வைத்தியர் ஜோன் சாம்சன் அதற்கு இன்றுள்ள பெயரை வழங்கி, மாதவிடாய்க் குருதியின் ஒரு பகுதி கருக்குழாய்கள் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் விழுவதே காரணம் என்னும் கொள்கையையும் வெளியிட்டார். அக்கொள்கை இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது. எனினும் அவ்வாறு பின்னோக்கிச் செல்வது பெரும்பாலான பெண்களிடத்தே நிகழ்வதொன்றாம். அவர்களுட் சிலருக்கு மட்டும் நோய் உண்டாவதற்கு, பரம்பரைக் கூறுகளும் உடலின் எதிர்ப்புச் சக்தியில் உள்ள வேறுபாடுகளும் துணைபுரிகின்றன. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் இருந்தால் ஒரு பெண்ணுக்கு அது வரும் வாய்ப்பு மிகுதி. அவள் செய்த பிழை எதனாலும் இது வருவதன்று.

இஃது அரிய நோயுமன்று. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களிற் பத்துப் பேரில் ஒருவருக்கு, உலகெங்கும் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இந்நோய் உண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அவ்வாறாயின் இதனைப் பற்றிய பேச்சு ஏன் இவ்வளவு அரிது? தமிழரிடையே ஒரு பெண் பிள்ளை பெரியவளானால் ஊரை அழைத்துச் சாமத்தியச் சடங்கு நடத்தப்படுகிறது. அதன் பின்பு மாதந்தோறும் அவள் படும் பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை. வலி பெண்ணின் இயல்பு என்று தாய் எண்ணுகிறாள். தாய்க்கு அவள் தாயும் அவ்வாறே சொல்லியிருந்தாள். இதன் விளைவாக, முதற் குறி தோன்றி நோயின் பெயர் அறியப்படுவதற்குள் பலருக்குப் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 1970ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, சமையற்கலை எழுத்தாலும் தொலைக்காட்சியாலும் புகழ்பெற்ற பத்மா லட்சுமி, பதின்மூன்று வயது முதல் இவ்வேதனையை அனுபவித்தவர். அதன் பெயரை அவர் அறிந்தது 36ஆம் வயதில். இருபத்துமூன்று ஆண்டுகள் அவர் வலியைப் பொறுத்திருந்தார். வசதியும் வைத்தியரும் நிறைந்த நாட்டில் வாழ்ந்தும் நிலை அதுவே. சத்திரசிகிச்சை பெற்ற பின், 2009ஆம் ஆண்டில், வைத்தியர் தாமெர் செச்கினுடன் சேர்ந்து இந்நோய்க்கென ஓர் அமைப்பை நிறுவினார். கருத்தரிக்கும் வாய்ப்புக் குறைவு என்று கருதப்பட்ட அவருக்கு 2010ஆம் ஆண்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தம் நோயை அவர் வெளிப்படையாகப் பேசியமையால் பிற பெண்கள் பலர் தம் வலிக்கும் ஒரு பெயர் உண்டென்று உணர்ந்தனர்.

இனி, இந்நோய் மகப்பேற்றை எவ்வாறு தடுக்கிறது என்பதை நோக்கலாம். கரு உண்டாவதற்கு நான்கு காரியங்கள் நிகழ வேண்டும். சூலகத்திலிருந்து நல்ல முட்டை வெளிவர வேண்டும். கருக்குழாய் அதனை ஏந்திக்கொள்ள வேண்டும். குழாயினுள்ளே விந்தணு முட்டையைச் சேர வேண்டும். உருவான கரு கருப்பைச் சுவரிற் பதிய வேண்டும். எண்டோமெற்றியோசிஸ் இந்நான்கிலும் குறுக்கிடக்கூடும். சூலகக் கட்டிகள் முட்டைகளின் இருப்பைக் குறைக்கின்றன. தழும்புகள் குழாயையும் சூலகத்தையும் இழுத்துப் பிணித்து, முட்டை குழாயைச் சேரும் வழியை அடைத்துவிடுகின்றன. அழற்சியால் வயிற்றறை நீரிற் பெருகும் பொருள்கள் முட்டைக்கும் விந்தணுவுக்கும் ஊறு விளைவிக்கின்றன. கருப்பையின் உட்படலமோ, கருவை வரவேற்கச் செய்யும் புரோஜெஸ்தரோன் என்னும் ஓமோனுக்குச் சரிவர இணங்காதிருக்கிறது.

நலமான இளந்தம்பதியருக்கு ஒரு மாதத்திற் கரு உண்டாகும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை என்பர். சிகிச்சை பெறாத எண்டோமெற்றியோசிஸ் உள்ளவர்களிடம் அது நூற்றுக்கு இரண்டு முதல் பத்து வரையாகக் குறைகிறது. இந்நோயுள்ள பெண்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை கருத்தரிப்பதில் இடர்ப்படுகின்றனர். இதே கணக்கை மறுபுறமாகவும் படித்தல் வேண்டும்: ஏனையோர், அதாவது பாதிக்குக் குறையாதோர், அத்தகைய இடரின்றியே கருவுறுகின்றனர். வாய்ப்புக் குறைவு என்பது வாய்ப்பின்மை ஆகாது. "மலடி" என்னும் சொல்லை இந்நோயாளிகள்மீது வீசுவோர் கொடுமையோடு அறியாமையையும் வெளிப்படுத்துகின்றனர்.

கருவுற்ற பின்பும் கவலை முற்றாக நீங்குவதில்லை. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட தாதியரை நெடுங்காலம் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்றின் முடிவுகள் 2019ஆம் ஆண்டில் வெளியாயின. எண்டோமெற்றியோசிஸ் உள்ளவர்களிடம் கருச்சிதைவு ஏனையோரைவிட ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது மிகுதியாக நிகழ்வதை அது காட்டியது. ஸ்கொத்லாந்தில் 1981 முதல் 2010 வரையான வைத்தியசாலைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் இன்னும் உயர்ந்த அளவைக் கண்டனர். ஆய்வுக்கு ஆய்வு அளவு வேறுபடினும், சுட்டும் திசை ஒன்றே. கருப்பைத் தசைக்குள்ளேயே இவ்விழையம் புகுந்து வளரும் அடினோமையோசிஸ் என்னும் நோயும் உடனிருந்தால் இழப்பு மேலும் கூடலாம்.

"நூற்றுக்கு நாற்பது மிகுதி" என்பதைக் கேட்டு அஞ்சிவிடலாகாது. அறியப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை எவ்வித நோயும் இல்லாத பெண்களிடத்தும் சிதைகின்றன. பொதுவாகப் பதினைந்து சிதையும் இடத்தில் இந்நோயால் இருபத்தொன்று சிதைகின்றன என்று கொள்ளலாம். எஞ்சிய எழுபத்தொன்பதும் அவ்வாறு சிதைவதில்லை. தொடக்கத்திற் சிதையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, கருவின் நிறமூர்த்தங்களில் நேர்ந்த பிழையால் சிதைபவை. ஆகவே ஒரு கரு கலைந்தபோது, அதற்கு எண்டோமெற்றியோசிஸே காரணம் என்று உறுதிகூற எவராலும் இயலாது. குடம் தூக்கியதும், பஸ்ஸிற் பயணம் செய்ததும், பப்பாசிப் பழம் தின்றதும் காரணமென்று அவளைக் குறைகூறுதல் அதனினும் தகாது. அவள் இழந்தது ஒரு பிள்ளையை. அத்துயரின்மேற் பழியையும் ஏற்றலாமா?

ஓர் ஆபத்தை மட்டும் எல்லாரும் அறிந்து வைத்திருத்தல் நன்று. கரு கருப்பைக்குள் வராது குழாயிலேயே தங்கிவிடுவதுண்டு. அதனைக் கருப்பைக்குப் புறம்பான கர்ப்பம் என்பர். இந்நோயுள்ள பெண்களிடம் அது நேரும் வாய்ப்புக் கூடுதலாகும். குழாய் வெடித்தால் உள்ளே குருதி பெருகி உயிருக்கே இறுதி நேரலாம். மாதவிடாய் தவறிய பெண்ணுக்கு அடிவயிற்றில், சிறப்பாக ஒரு பக்கத்தில், கடும் வலி தோன்றினாலோ, குருதி கசிந்தாலோ, தோள்முனையில் வலி எடுத்தாலோ, மயக்கம் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் இலங்கையில் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். இந்நோயுள்ளவர் கருவுற்றதாக அறிந்த உடனேயே வைத்தியரிடம் தெரிவித்து, கரு உரிய இடத்தில் உள்ளதா என்று ஸ்கான் மூலம் உறுதிசெய்துகொள்வது சாலச் சிறந்தது. பிந்திய மாதங்களில் சூல்வித்தகம் கருப்பையின் வாயிலை மறைத்து அமைதல், குறைமாதப் பிரசவம் முதலியனவும் இவர்களிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதால், கிளினிக் நாட்களைத் தவறவிடலாகாது.

சிகிச்சையைப் பொறுத்தவரையில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் அவசியம். வலியைத் தணிக்கும் சிகிச்சை வேறு. கருத்தரிக்க உதவும் சிகிச்சை வேறு. வலி நீக்கும் மருந்துகளும், ஓமோன் மாத்திரைகளும் வேதனையைப் பெரிதும் குறைக்கும். ஆயின் ஓமோன் மாத்திரைகள் முட்டை வெளிவருவதை அடக்கிவைப்பவை. அவற்றை உட்கொள்ளும் காலத்தில் கரு உண்டாவதை எதிர்பார்க்க இயலாது. பின்னர் நிறுத்தினால் கருத்தரிக்கும் ஆற்றல் முன்னிலும் கூடும் என்று எண்ணுவதற்கும் ஆதாரம் இல்லை. ஆகவே பிள்ளை வேண்டுவோர் அதனை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வயிற்றிற் சிறு துளையிட்டுக் குழாய்க் கருவியைச் செலுத்தி, நோயிழையத்தை எரித்தோ அகற்றியோ விடும் சத்திரசிகிச்சை சிலருக்குப் பயன்படுகிறது. கனடாவில் 341 பெண்களிடம் நடத்தப்பெற்று 1997ஆம் ஆண்டில் வெளியான பரிசோதனையில், நோய் இலேசாக இருந்தவர்களுள் அவ்வாறு அகற்றப்பட்டோரில் நூற்றுக்கு முப்பத்தொருவர் கருவுற்று இருபது வாரங்களைக் கடந்தனர். அகற்றப்படாதோரில் பதினெண்மரே கடந்தனர். ஆனால் சூலகக் கட்டிகளை அறுத்தெடுக்கும்போது நல்ல முட்டைகளும் சில அழியக்கூடும். எனவே அறுவை வேண்டுமா, எப்போது வேண்டும் என்பது பெண்ணின் வயது, முட்டை இருப்பு, கணவனின் விந்துப் பரிசோதனை ஆகிய அனைத்தையும் சீர்தூக்கி முடிவுசெய்ய வேண்டிய காரியம். தேவைப்படுவோருக்கு விந்தைக் கருப்பையினுள்ளே செலுத்தும் முறையும், முட்டையையும் விந்தையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கி உட்செலுத்தும் பரிசோதனைக்குழாய் முறையும் உள்ளன. பின்னது பெருஞ்செலவுடையது. எண்டோமெற்றியோசிஸினால் நேரும் கருச்சிதைவை நிச்சயமாகத் தடுக்கும் மருந்து என்று நிறுவப்பட்டது எதுவும் இதுவரை இல்லை. அவ்வாறு கூறி விற்கப்படும் எதனையும் நம்பிப் பணத்தை இழத்தல் வேண்டா.

ஊரில் வழங்கும் தவறான அறிவுரை ஒன்றையும் இவ்விடத்திற் சுட்டுதல் தகும். வலியால் துடிக்கும் இளம்பெண்ணைக் கண்டு, "கலியாணம் கட்டி ஒரு பிள்ளை பெற்றால் எல்லாம் சரியாகும்" என்பர் மூத்தோர். கர்ப்ப காலத்தில் மாதவிடாய் நிற்பதால் சிலருக்கு வலி தணிவது உண்மை. அது நோயின் நீக்கம் அன்று. பின்னர் வலி திரும்பலாம். ஒரு பிள்ளையை மருந்தாக எண்ணிப் பெறச் சொல்வது தாய்க்கும் நீதியன்று, சேய்க்கும் நீதியன்று. கருத்தரிப்பதையே தடுக்கக்கூடிய நோய்க்குக் கர்ப்பத்தை மருந்தாகக் கூறுவதன் முரண்பாட்டையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

அவ்வாறாயின் சீனன்குடாவில் உள்ள பெண் செய்ய வேண்டியது யாது? முதலாவது, ஒரு சிறு கொப்பியில் மாதவிடாய் நாட்களையும், வலி எந்நாள் தொடங்கி எந்நாள் தணிந்தது என்பதையும், மலசலம் கழிக்கையிலும் தாம்பத்திய உறவின்போதும் வலி உண்டா என்பதையும் மூன்று மாதம் குறித்து வைத்தல். வைத்தியர் முன் நாணத்தால் நா எழாதபோது அக்கொப்பியே அவளுக்காகப் பேசும். இரண்டாவது, வீடு தேடி வரும் குடும்பநல மாதுவிடம் வாய் திறத்தல். கர்ப்பிணிகளைப் பார்ப்பது மட்டும் அவர் கடமையன்று. புதுமணத் தம்பதியரும், பிள்ளையில்லாத் தம்பதியரும் அவர் பொறுப்பில் அடங்குவர். அவர் வழியாகச் சுகாதார வைத்திய அதிகாரியையும், சில மைல் தொலைவிலுள்ள திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் பெண்நோய் வைத்திய நிபுணரையும் கட்டணமின்றிக் காணலாம். ஸ்கான் படத்தில் எதுவும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது; சிறு புள்ளிகளாய் உள்ள நோய் படத்துக்கு அகப்படாது. வலியின் கடுமையும் நோயின் அளவும் ஒத்திருப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். சிறிதளவு நோய் பெருவலி தருவதுண்டு. பெருநோய் வலியின்றி இருப்பதுமுண்டு.

மூன்றாவது, காலத்தைக் கருதுதல். ஓராண்டு முயன்றும் கருவுறாதோர் வைத்தியரை நாடல் வேண்டும். முப்பத்தைந்து வயதைக் கடந்தோர் ஆறு மாதத்தில். கடும் மாதவிடாய் வலி உள்ளோர் அதற்கும் முன்பாகவே நாடலாம். செல்லும்போது கணவனும் உடன்செல்லல் வேண்டும். பிள்ளை இன்மைக்குக் காரணம் ஆணிடத்தும் அடிக்கடி அமைந்திருப்பதுண்டு. எளிய ஒரு பரிசோதனைக்கு அவன் உடன்படாமையால் மனைவி பல ஆண்டுகள் மருந்துண்ணும் அவலம் நேரலாகாது.

நேர்த்தி வைப்போர் வைக்கட்டும். கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் கிடைக்கும் ஆறுதல் சிறிதன்று. அந்த ஆறுதல் வைத்தியரிடம் செல்லும் நாளைத் தள்ளிப்போடாதிருந்தால் போதும். பாடசாலைக்குச் செல்ல முடியாதவாறு மாதந்தோறும் படுத்துவிடும் மகளைக் காணும் தாய், தன் தாய் தனக்குச் சொன்ன பழைய மறுமொழியை அவளுக்குச் சொல்லாதிருக்கக் கடவள். பிள்ளையில்லாத மருமகளைக் காணும் உற்றாரோ, "விசேஷம் உண்டோ?" என்று கேட்பதற்கு முன், அவள் உடம்புக்கு என்ன செய்கிறது என்று ஒருமுறை கேட்பாராக. மறைந்து நிற்கும் நோயை வெளிக்கொணர்வதற்கு அக்கேள்வியே முதற் படியாகும்.